ஐந்து பேர், ஒரு பந்து

கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் பக்கமாகக் கடலோரம் போகும் லூப் ரோடு நொச்சிக்குப்பத்தின் நடுவே செல்கிறது. ஒரு பக்கம் வாரியக் குடியிருப்புகள், மறுபக்கம் படகும் வலையும் மணலும். சாந்தோம் நெடுஞ்சாலை நெரிசலில் சிக்க விரும்பாத வண்டிகள் இந்த வழியில் நுழைகின்றன. சாலையோர மீன் கடைகளால் போக்குவரத்து தடைபடுகிறது என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஏப்ரலில் மாநகராட்சி கடைகளை அகற்ற வந்தபோது மீனவர்கள் சாலையை மறித்தார்கள். 2024 ஆகஸ்டில் சுமார் 15 கோடி ரூபாய் செலவில், 360-க்கும் மேற்பட்ட கடைகளோடு, அங்கேயே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. சாலை வருவதற்கு வெகுகாலம் முன்பே குப்பம் அங்கே இருந்தது என்பதை இந்த விவாதத்தில் பலர் மறந்துவிட்டார்கள்.

அந்த வழக்கின் அடியில் எல்லோரும் கேட்காமலே ஏற்றுக்கொண்ட ஒரு நம்பிக்கை இருந்தது. ஒரு வழி கூடுதலாகத் திறந்தால் பயணம் விரைவாகும் என்பதே அது. 1968-ல் டீட்ரிச் பிராய்ஸ் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் அந்த நம்பிக்கை எல்லா நேரத்திலும் பலிக்காது என்று காட்டினார்.

கணக்குக்காக ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். காலையில் 4,000 வண்டிகள் வடக்கிலிருந்து தெற்கே போக வேண்டும். இரண்டு வழிகள். ஒவ்வொன்றிலும் ஒரு குறுகிய பகுதி, ஒரு அகலமான பகுதி. அகலமான பகுதியைக் கடக்க எத்தனை வண்டி வந்தாலும் 45 நிமிடம். குறுகிய பகுதியில் நூறு வண்டிக்கு ஒரு நிமிடம் என்று நேரம் கூடும். முதல் வழியில் குறுகலானது முன்னால் வருகிறது, இரண்டாவதில் பின்னால். வண்டிகள் 2,000 வீதம் பிரிந்துகொள்ளும்; ஒவ்வொருவருக்கும் 20-உம் 45-உம் சேர்ந்து 65 நிமிடம் ஆகும்.

இப்போது முதல் வழியின் குறுகிய பகுதி முடியும் இடத்திலிருந்து இரண்டாவதன் குறுகிய பகுதி தொடங்கும் இடத்துக்கு ஒரு குறுக்குச் சாலை போடுங்கள். அதைக் கடக்க நேரமே ஆகாது என்று வையுங்கள். குறுகிய பகுதியில் எல்லோரும் நுழைந்தாலும் 40 நிமிடம்தான், அகலமானதில் 45. எனவே ஒவ்வொரு ஓட்டுநரும் குறுகிய பகுதி, குறுக்குச் சாலை, மறுபடி குறுகிய பகுதி என்றே போவார். 40-உம் 40-உம் 80. ஒருவர் மட்டும் பழைய வழிக்குத் திரும்பினால் அவருக்கு 85. ஆகவே யாரும் மாற மாட்டார்கள். சாலை ஒன்று கூடியது, பயணம் 15 நிமிடம் நீண்டது. யாரும் முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை.

2010-ல் பிரையன் ஸ்கின்னர் என்ற இயற்பியலாளர் இதே கணக்கைக் கூடைப்பந்துக்குக் கொண்டுபோனார். பந்துதான் பயணி, கூடைதான் சேருமிடம், வீரர்கள்தான் சாலைகள். எவ்வளவு சிறந்த வீரரும் அடிக்கடி பயன்படுத்தப்பட்டால் எதிரணி அவர்மீது குவியும். அவருடைய திறன் நெரிசலான சாலைபோலக் குறையும். ஒவ்வொரு முறையும் இருப்பதிலேயே சிறந்த வாய்ப்பையே தேர்ந்தெடுக்கும் அணி, ஆட்டம் முழுதையும் கூட்டிப் பார்க்கும்போது தன்னால் முடிந்த உச்சத்தை எட்டுவதில்லை. சில அமைப்புகளில் ஒரு நட்சத்திரத்தை எடுத்துவிட்டால் அணி மேம்படவும் செய்யும். 1999-ல் நியூயார்க் நிக்ஸ் அணியின் பெரும் தூணான பேட்ரிக் யூயிங், கிழக்குப் பிரிவு இறுதித் தொடரின் நடுவே காயம்பட்டு வெளியேறினார். எட்டாம் இடத்தில் நுழைந்திருந்த அணி அவர் இல்லாமலே இந்தியானாவை வென்று இறுதிக்குப் போனது. ஒரு நிகழ்ச்சி நிரூபணம் ஆகாது. ஆனால் கேள்வியைக் கேட்க அது போதும்: ஒரு வீரரின் மதிப்பு அவருக்குள் இருக்கிறதா, அல்லது அவரும் மற்ற நால்வரும் சேரும் இடத்தில் இருக்கிறதா?

இந்த விளையாட்டுக்கும் நொச்சிக்குப்பத்தைச் சுற்றிய ஊருக்கும் பழைய உறவு உண்டு. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920-ல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அதுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி. நைஸ்மித்தின் வகுப்பில் பதினெட்டு மாணவர்கள். அதனால் முதல் ஆட்டத்தில் அணிக்கு ஒன்பது பேர். சில ஆண்டுகள் கழித்தே ஐந்து என்பது நிலைத்தது. ஒன்பது பேர் இருக்கும்போது ஒருவருடைய குறை மற்ற எட்டுப் பேருக்குள் கரைந்துபோகும். ஐந்தில் கரையாது.

ஏன் கரையாது என்பதைப் பார்க்க இரண்டு கணக்குகள் வேண்டும். முதலாவது, பங்கின் கணக்கு. அணியிடம் பந்து வரும் ஒவ்வொரு முறையும் அது யாராவது ஒருவர் கையில் முடிகிறது: எறிகிறார், தவறவிடுகிறார், அல்லது தவறாட்டத்தால் கோட்டில் நின்று எறிகிறார். ஐவரின் பங்கும் சேர்ந்தால் எப்போதும் நூறு சதவீதம்தான். முந்தைய அணிகளில் தலா 30 சதவீதம் பந்தைக் கையாண்ட மூவரை ஒன்றாக வாங்கினால் 90 போய்விட்டது. மற்ற இருவருக்கும் சேர்த்து மிஞ்சுவது 10. நடைமுறையில் மூவருமே சுருங்க வேண்டியிருக்கும். பந்து கையில் இல்லாதபோது என்ன செய்வது என்று தெரிந்தவருக்குச் சுருங்குவது எளிது. தெரியாதவருக்கு அது திறமையின் பாதியை இழப்பது. கூடைப்பந்தின் புள்ளியியலைப் புத்தகமாக்கி 2004-ல் வெளியிட்ட டீன் ஆலிவர் இதற்கு ஒரு வளைகோடு வரைந்தார்: பங்கு கூடக் கூட, ஒவ்வொரு எறியின் பயனும் குறைகிறது. ஒவ்வொரு வீரருக்கும் அந்த வளைகோட்டின் சரிவு வேறு.

இரண்டாவது, இடத்தின் கணக்கு. சர்வதேச ஆடுகளத்தின் பாதி 14 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதற்குள் பத்துப் பேர். கூடையிலிருந்து 6.75 மீட்டரில் மூன்று புள்ளிக் கோடு. அந்தக் கோட்டுக்கு வெளியே நின்று குறி தவறாமல் எறியக்கூடியவர் பந்தைத் தொடாமலேயே அணிக்கு உதவுகிறார். அவரைக் காக்க ஒருவர் கோடுவரை வர வேண்டும். கூடையருகே ஓர் ஆள் இடம் காலியாகிறது. எறியத் தெரியாதவர் அதே இடத்தில் நின்றால் அவருடைய காவலர் அவரை விட்டுவிட்டுக் கூடையடியில் போய் நிற்பார். அப்போது தடுமாறுவது அணியின் மிகச் சிறந்த தாக்குதல் வீரர். புள்ளிப் பட்டியலில் குறை அவர் பெயருக்கு நேரே எழுதப்படும். அதற்குக் காரணமானவர் இருபதடி தள்ளி நிற்பார்.

இந்த இரண்டு கணக்கையும் ஒரே கோடையில் மீறிய அணி லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ். 2020-ல் கோப்பை வென்றது. லெப்ரான் ஜேம்ஸ், ஆண்டனி டேவிஸ் இருவரைச் சுற்றிக் காவலிலும் தூர எறியிலும் தேர்ந்த, புகழ் குறைந்த ஆட்கள் இருந்தார்கள். 2021 கோடையில் ரஸல் வெஸ்ட்புரூக்கை வாங்க அவர்களில் கைல் கூஸ்மா, கென்டேவியஸ் கால்டுவெல்-போப் உள்ளிட்டவர்களைக் கொடுத்தார்கள். அலெக்ஸ் கருஸோ சிகாகோவுக்குப் போனார். வெஸ்ட்புரூக் 2017-ன் மிகச் சிறந்த வீரர் விருது பெற்றவர்; முந்தைய பருவத்தில்கூடப் புள்ளி, ரீபவுண்ட், பந்து கொடுத்தல் மூன்றிலும் சராசரியாக இரட்டை இலக்கம் தொட்டவர். ஆனால் அவர் பந்து கையில் இருந்தால் இயங்குபவர், லெப்ரானும் அப்படியே. தூர எறியில் அந்தப் பருவம் அவர் பத்துக்கு மூன்றுகூடப் போடவில்லை. அவருடைய ஊதியம் 4 கோடியே 42 லட்சம் டாலர்; அணி ஒன்றுக்கு விதித்த ஊதிய வரம்பே 11 கோடியே 24 லட்சம். முடிவு: 33 வெற்றி, 49 தோல்வி. அடுத்த சுற்றுக்குள் நுழையவே இல்லை, பயிற்சியாளர் வேலை இழந்தார். நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: காயங்களால் மூவரும் சேர்ந்து களமிறங்கியது 21 ஆட்டங்களில்தான். ஆனால் அவற்றிலும் 11 வெற்றி, 10 தோல்வி என்றே முடிந்தது.

இந்த இடத்தில் ஒரு பிரபலமான ஆய்வை எடுத்து வைப்பது வழக்கம். 2014-ல் ரோடரிக் ஸ்வாப், ஆடம் கலின்ஸ்கி குழுவினர், கூடைப்பந்திலும் கால்பந்திலும் ஓர் அளவுக்கு மேல் நட்சத்திரங்கள் சேர்ந்தால் அணியின் வெற்றி குறைகிறது, பேஸ்பாலில் அப்படி இல்லை என்று எழுதினார்கள். பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. 2021-ல் வேறொரு குழு கூடைப்பந்துத் தரவை மறுபடி ஆராய்ந்து, வெற்றி குறைவதாகத் தெரியவில்லை, கூடுதல் திறமையால் கிடைக்கும் பலன் மட்டும் படிப்படியாகச் சிறுக்கிறது என்று காட்டியது. எனக்கு இந்த இரண்டாவது முடிவே நம்பத்தக்கதாகப் படுகிறது. திறமை நஞ்சாவதில்லை. ஒரே வகைத் திறமையை மேலும் மேலும் விலைக்கு வாங்கும்போது அதே பணத்துக்குக் கிடைப்பது குறைகிறது. அதற்குள் வேறொரு வேலைக்கு ஆள் இல்லாமல் போகிறது. லேக்கர்ஸின் பிழை மூன்று நட்சத்திரங்கள் இருந்தது அல்ல. கால்டுவெல்-போப் செய்த வேலைக்கு யாருமே இல்லாமல் போனதுதான் பிழை.

நொச்சிக்குப்பத்திலிருந்து வடக்கே சுமார் மூன்று கிலோமீட்டரில் சேப்பாக்கம் மைதானம். இங்கே ஆடப்படுவது கூடைப்பந்து அல்ல. கிரிக்கெட், அமைப்பில் பேஸ்பாலுக்கு நெருக்கமானது. ஒரு நேரத்தில் ஒருவர் வீசுகிறார், ஒருவர் அடிக்கிறார். ஆட்கள் ஒருவரையொருவர் சார்வது குறைவு என்பதால் பொருத்தம் இங்கே முக்கியமில்லை என்று தோன்றும். 2025 ஐ.பி.எல். தொடரின் சென்னை சூப்பர் கிங்ஸ் அந்த எண்ணத்தை உடைத்தது. ஐந்து முறை கோப்பை வென்ற அணி, 14 ஆட்டங்களில் 4 வென்று, தன் வரலாற்றில் முதல் முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடிந்தது. சேப்பாக்கத்தில் ஆடிய ஆறில் ஐந்து தோல்வி. 2011-ல் இதே மைதானத்தில் இறுதி ஆட்டம் உட்பட ஒன்றைக்கூட இழக்காத அணி இது.

பட்டியல் எப்படி உருவானது என்று பார்ப்போம். 2025-க்கு ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி ரூபாய். சென்னை ஐவரைத் தக்கவைத்தது: ருதுராஜ் கெய்க்வாட் 18 கோடி, ரவீந்திர ஜடேஜா 18, பதிரானா 13, சிவம் துபே 12, தோனி 4. மீதி 55 கோடியோடு 2024 நவம்பரில் ஜெட்டா ஏலத்துக்குப் போனது. அங்கே நூர் அகமதுவை 10 கோடிக்கும், அஸ்வினை 9 கோடியே 75 லட்சத்துக்கும் வாங்கியது. ஜடேஜாவையும் சேர்த்தால் மூன்று சுழல் பந்துவீச்சாளர்களுக்கு 37 கோடியே 75 லட்சம். மொத்தப் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்த யாரும் இதைத் தவறென்று அப்போது சொல்லியிருக்க மாட்டார்கள். சேப்பாக்கம் என்றால் சுழல்.

ஆனால் உள்ளூர் ஆடுகளம் உள்ளூர் அணிக்கு மட்டும் சொந்தமில்லை. பந்து திரும்பினால் எதிரணிப் பந்தும் திரும்பும். அதைத் தன் மட்டையாளர்களும் 120 பந்து சந்திக்க வேண்டும். 2025 ஏப்ரல் 11 அன்று கொல்கத்தாவுக்கு எதிராகச் சென்னை 9 விக்கெட்டுக்கு 103 எடுத்தது. விழுந்த ஒன்பதில் ஆறு சுழலுக்கு: நரைன் 3, நம் ஊர் வருண் சக்ரவர்த்தி 2, மொயீன் அலி 1. கொல்கத்தா 10.1 ஓவரில் ஆட்டத்தை முடித்துவிட்டது. சுழலுக்கு ஏற்ற களத்தைப் பயன்படுத்த நல்ல சுழல் வீச்சாளர்கள் பாதி. சுழலை வேகமாக ஆடத் தெரிந்த மட்டையாளர்கள் மறுபாதி. சென்னை முதல் பாதிக்கு மட்டும் பணம் கொடுத்திருந்தது.

மட்டை வரிசையில் ஒரே வகை ஆட்கள் குவிந்திருந்தார்கள். கெய்க்வாட், கான்வே, தீபக் ஹூடா, விஜய் சங்கர் எல்லோரும் நிலைத்து நின்று பிறகு வேகம் கூட்டுபவர்கள். ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்தால் நியாயமான தேர்வு. சேர்த்துப் பார்த்தால், முதல் ஆறு ஓவரில் ஆட்டத்தை இழுத்துப்போகும் ஆள் இல்லை. ஏப்ரல் 5 அன்று டெல்லிக்கு எதிராக இலக்கு 184. சென்னை 20 ஓவரில் 5 விக்கெட்டுக்கு 158. விஜய் சங்கர் 54 பந்தில் 69, தோனி 26 பந்தில் 30, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. மழை குறுக்கிட்ட ஆட்டங்களின் இலக்கைத் திருத்த 1997-ல் பயன்பாட்டுக்கு வந்த டக்வொர்த்–லூயிஸ் முறையின் அடிப்படை, ஒரு மட்டை அணியிடம் இரண்டு வளங்கள் உண்டு என்பதுதான்: பந்துகள், விக்கெட்டுகள். இரண்டில் ஒன்று தீர்ந்தால் மற்றது வீண். ஐந்து விக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு 25 ரன்னில் தோற்பது, சட்டியில் அரிசியை மிச்சம் வைத்துவிட்டுப் பட்டினி கிடப்பதைப் போன்றது. விக்கெட்டைப் பணயம் வைத்து ரன் வாங்கும் வேலைக்கு ஆள் இல்லை.

வெளிநாட்டு வீரர் விதி இதை இன்னும் இறுக்கியது. ஆடும் பதினொருவரில் நால்வருக்குத்தான் இடம். நூரும் பதிரானாவும் இரண்டு இடத்தை எடுத்துக்கொண்டார்கள். மீதி இரண்டுக்கு ரச்சின், கான்வே, சாம் கரன், ஓவர்டன், எல்லிஸ் போட்டி. தொடக்க ஆட்டக்காரரும் ஆல்ரவுண்டரும் போனால் வெளிநாட்டு அதிரடி ஆட்டக்காரருக்கு இடமே இல்லை. ஆகவே அந்த வேலையை உள்நாட்டு வீரர்கள் செய்தாக வேண்டும். பட்டியலில் துபேயைத் தவிர அப்படி நம்பத்தக்கவர் அரிது. இது திறமைக் குறைவு அல்ல, இருக்கைகளின் கணக்கு. ஏலத்துக்கு முன் ஒரு தாளில் போட்டுப் பார்த்திருக்கக்கூடிய கணக்கு.

அப்படியானால் ஏன் நடந்தது? ஏலம் என்ற அமைப்பிலேயே ஒரு பொறி இருக்கிறது. பெயர்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. அடுத்து வருபவர் உங்களுக்குக் கிடைப்பாரா என்று தெரியாமலே இவருக்கு விலை சொல்ல வேண்டும். ஒன்றுக்கொன்று துணையான பொருள்களைத் தனித்தனியே ஏலம் விடுவதில் உள்ள இந்த ஆபத்து, அலைக்கற்றை ஏலங்களை வடிவமைத்தவர்களின் முக்கியக் கவலைகளில் ஒன்று. அந்தத் துறையை வளர்த்த பால் மில்குரோமும் ராபர்ட் வில்சனும் 2020-ல் பொருளியல் நோபல் பெற்றார்கள். கிரிக்கெட் ஏலத்தில் ஆளுக்குத் தனி விலை, அணி உருவாவதற்கு முன்பே. நொச்சிக்குப்பத்து ஃபைபர் படகில் வரிசை வேறு: எஞ்சின் பிடிப்பவர், வலை விடுபவர், வலை இழுப்பவர் என்று முதலில் ஆள் சேர்கிறது, கடலுக்குப் போகிறது, வந்த மீனின் வருமானத்தில் செலவு போக மீதிதான் படகுக்கும் வலைக்கும் ஆளுக்கும் பங்காகப் பிரிகிறது. அங்கே யாருடைய மதிப்பும் மற்றவர்கள் இல்லாமல் கணக்கிடப்படுவதே இல்லை.

பருவத்தின் நடுவே, யாரும் திட்டமிடாமல், ஒரு சோதனை நடந்தது. கெய்க்வாட் முழங்கைக் காயத்தால் வெளியேற, 17 வயது ஆயுஷ் மாத்ரே வந்தார். குர்ஜப்னீத் சிங்குக்குப் பதிலாக, ஏலத்தில் யாரும் வாங்காத டெவால்ட் பிரெவிஸ் வந்தார். பிறகு உர்வில் படேல். மூவரும் முதல் பந்திலிருந்தே அடிப்பவர்கள். மாத்ரே 7 ஆட்டத்தில் 240 ரன், பிரெவிஸ் 6-ல் 225, இருவருக்கும் ஸ்டிரைக் ரேட் 180 அல்லது அதற்கு மேல். அணியின் கடைசி நான்கு மொத்தங்கள்: 211, 183, 187, 230. கடைசி ஆட்டத்தில், அகமதாபாத்தில், குஜராத்தை 83 ரன்னில் வென்றது. சிறிய மாதிரி, வேறு களங்கள், இழக்க எதுவும் இல்லாத அணி என்ற மூன்று எச்சரிக்கையும் இதற்குப் பொருந்தும். ஆனாலும் வந்தவர்கள் யாரும் ஏலத்தில் பெரும் விலைக்கு வாங்கப்பட்டவர்கள் அல்ல. அவர்கள் கொண்டுவந்தது அணியில் இல்லாத ஒன்று. இந்தப் பருவத்தைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி தோனியின் வயதைப் பற்றியே இருந்தது. அது தவறான இடத்தில் வெளிச்சம் போடுவது. ஏலத்தில் சரியாகச் செய்யவில்லை என்பதைப் பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங்கே பருவத்தின் நடுவில் ஒத்துக்கொண்டார்.

களப் பொருத்தம்தான் எல்லாம் என்ற முடிவுக்கும் அவசரப்பட வேண்டாம். 2018-ல் சென்னை சேப்பாக்கத்தில் ஒரே ஆட்டம்தான் ஆடியது. காவிரிப் போராட்டத்தால் மற்றவை புனேவுக்கு மாறின. சுழல் களத்துக்கென்று சேர்த்த, சராசரி வயது முப்பதைத் தாண்டிய அந்த அணி புனேயிலிருந்தே கோப்பையை எடுத்தது. அதில் வேலைகள் பிரிந்திருந்தன. ஆட்களால் இடம் மாறவும் முடிந்தது. அம்பத்தி ராயுடு தொடக்கத்திலும் நடுவரிசையிலும் ஆடி 602 ரன் குவித்தார். இரண்டு வேலை தெரிந்த ஒருவர் பட்டியலில் இருந்தால், ஏலத்தில் விழுந்த ஓட்டை ஒன்றை அவரை நகர்த்தியே அடைத்துவிடலாம்.

ஒரு வீரரின் மதிப்பு அணிக்கு அணி மாறும் என்றால், இரண்டு அணிகள் ஆளை மாற்றிக்கொண்டு இரண்டுமே லாபம் அடைய முடியும். அமெரிக்கக் கூடைப்பந்துத் தரவைக்கொண்டு ஆலன் மேமின், பிலிப் மேமின், யூஜின் ஷென் ஆகியோர் அப்படிப்பட்ட பரிமாற்றங்கள் இருப்பதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். 2025 நவம்பரில் சென்னை ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்ஸனை வாங்கியது. ஜடேஜாவின் விலை 18 கோடியிலிருந்து 14 ஆனது. சாம்ஸன் 18 கோடியிலேயே வந்தார். தொடக்கத்தில் அடிக்கவும் விக்கெட் காக்கவும் தெரிந்த இந்தியர் என்பதால் அவர் வெளிநாட்டு இருக்கை ஒன்றை விடுவிக்கிறார். அந்த இருக்கையின் மதிப்பு அவருடைய ரன் கணக்கில் எங்கும் வராது. அடுத்த மாதம் அபுதாபி ஏலத்தில் அணி இரண்டு இளைஞர்களுக்குத் தலா 14 கோடியே 20 லட்சம் கொடுத்தது: விக்கெட் கீப்பர் கார்த்திக் சர்மா, இடக்கைச் சுழல் வீசும் ஆல்ரவுண்டர் பிரசாந்த் வீர். இருவரும் அதுவரை இந்தியாவுக்கு ஆடாதவர்கள். பிரசாந்த் வீருக்கு அப்போது 20 வயது; ஜடேஜா பத்தாண்டுக்கும் மேலாகப் பந்திலும் மட்டையிலும் ஃபீல்டிங்கிலும் ஒருவராகச் செய்துவந்த மூன்று வேலைகளின் இடம் அவருக்காகக் காலியாக வைக்கப்பட்டது.